எல்லாத் தப்பும் எங்கிட்ட வரட்டும்

இல்லீங்ணா, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்குக் கீழ பள்ளத்தப் பாத்தா தலை கிறுகிறுங்கும். வால்பாறைக்குத்தானே? நானும் அங்கதானுங்க. கையில என்ன, ஃப்ளெக்ஸா? கடை திறப்பா? நல்லதுங்க, நல்லா வரட்டும். அத மேல வெச்சிருங்க, கால்ல பட்டா நசுங்கிரும்.

நான் கோயமுத்தூருங்க. பேரு பூபதி. சரவணம்பட்டில கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. கொழுந்தியா வூடு வால்பாறைல இருக்குது, புது வூட்டுக்குப் பால் காய்ச்சறாங்க. எப்பவா? ஞாயித்துக்கெழமைங்க. இன்னைக்கு வியாழக்கெழமைதான், ஆமா. முன்னாடியே போனா ஒத்தாசையா இருக்கும்னுதான் கெளம்பிட்டேன். என்ற வூட்டுக்காரி சனிக்கெழமை வர்றா. அவளுக்கு எம்மேல கோவம், அத அப்பறம் சொல்றேன்.

ஏனுங்ணா, ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினா ஃபோன் எடுக்காதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா? மூணு மணிக்கு நாம எங்க இருப்போம்? வளைவுலயா? அங்க சுத்தமா எடுக்காதுல்ல? சரி சரி. சும்மாதான் கேட்டேன்.

சும்மா கேக்கலீங்க. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க வால்பாறைல எறங்கினா நான் யாரோ நீங்க யாரோ. மூணு மணிக்கு எங்க ஆபீசுல ஒரு விசாரணை. எங்க டீம்ல எழிலரசின்னு ஒரு புள்ள, அதுக்குத்தான் விசாரணை. எங்க ஆப்பால ஒரு ஆளு செத்துப்போயிட்டாரு. அப்படின்னு புகாரு. கம்பெனி யாராச்சும் ஒருத்தரு பேரை எழுதி ஸ்டேஷனுக்குக் குடுத்தாகணும். எழில் பேரைக் குடுக்கப்போறாங்க. நான் வீடியோல வந்து ஒரு வார்த்தை சொன்னா குடுக்க மாட்டாங்கன்னு அந்தப் புள்ள நெனைக்குது. நான் பஸ்ஸுல இருக்கறேன். பஸ்ஸு மலையேறுது. அவ்வளவுதாங்க விசயம்.

என்ன, அப்படிப் பாக்கறீங்க? முழுசாக் கேளுங்க, அப்பறம் பாருங்க.

எங்க தொழில்ல ஜாவான்னு ஒரு பாஷை இருக்குதுங்க. அதுலதான் அந்த ஆப்புக்குப் பின்னாடி ஓடற ப்ரோகிராமெல்லாம் எழுதறோம். அது ஓடிட்டிருக்கறப்ப ஒரு எடத்துல நடக்கக்கூடாதது நடந்துருச்சுன்னு வெய்ங்க. பேசவேண்டிய மெஷின் பதில் பேசல. நம்பர் இருக்கவேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல. அப்ப அந்த எடம் என்ன பண்ணும்? கையில இருக்கறத அப்படியே மேல தூக்கி எறியும். எக்ஸெப்ஷன்னு பேரு. எறியறதுன்னுதாங்க நாங்களே சொல்லுவோம். மேல இருக்கறவன் அதப் புடிக்கணும். அவன் புடிக்கலைன்னா அவனுக்கு மேல இருக்கறவன். ஒருத்தனும் புடிக்கலைன்னா நேரா உங்க ஃபோன் வரைக்கும் வந்து விழும், செவப்பு எழுத்துல வரிவரியா இங்கிலீஷு.

நான் அந்த ப்ராஜெக்ட்டுக்குப் போறப்ப அப்படித்தான் விழுந்துட்டிருந்துச்சு. ஒரு பெரிய ஆசுபத்திரி, பேரு வேண்டாமுங்க, அவங்களுக்கு நாலஞ்சு ஊர்ல கிட்னிக்காரங்களுக்கு ரத்தம் சுத்தி பண்ற சென்டர் இருக்குது. டயாலிசிஸ். எந்த ஊர்ல எந்த நேரம் பெட்டு காலியோ அத ஃபோன்லயே போட்டுக்கலாம். அதுதான் ஆப்பு. ஒரு பெரியவரு அந்தச் செவப்பு எழுத்தப் பாத்து, ஃபோனு கெட்டுப்போச்சுன்னு வித்த கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிட்டாராம். ஆசுபத்திரிக்காரங்க எங்க மேனேஜரப் புடிச்சு உலுக்கிட்டாங்க. பத்மநாபன்னு பேரு எங்க மேனேஜருக்கு. அவரு எங்கிட்ட வந்தாரு. "பூபதி, நீதான் எதாச்சும் பண்ணணும்"னாரு.

நான் பாத்தேன். ஆளாளுக்கு ஒவ்வொரு எடத்துல புடிச்சு வெச்சிருக்கறாங்க. ஒருத்தன் புடிச்சு ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் புடிச்சு வேற சொல்றான், ஒருத்தன் புடிக்கவே இல்ல. அசிங்கம். நீங்க கல்யாண மண்டபத்துல பாத்திருப்பீங்க. சாம்பாரு பத்தலன்னாலும் ஒரே ஆளு, மாப்பிள்ளை வூட்டாரு மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டாலும் ஒரே ஆளு, ஜெனரேட்டர் நின்னாலும் ஒரே ஆளு. மண்டபத்துக்குள்ள யாரும் சத்தம் போடக்கூடாது, எதுன்னாலும் அவன்கிட்ட அனுப்பிருன்னு வெச்சிருப்பாங்க. அந்த மாதிரிதானுங்க. ஸ்பிரிங்குன்னு ஒரு ஃப்ரேம்வொர்க்கு, அதுல அதுக்குன்னே வசதி இருக்குது. ப்ரோகிராமுல எந்த மூலைல எவன் எறிஞ்சாலும் கடைசியில ஒரே எடத்துல வந்து விழுகிற மாதிரி பண்ணலாம். நான் பண்ணினேன். டீமை ஒட்டுக்காக் கூப்பிட்டு உக்கார வெச்சு, "இனிமே யாரும் எங்கயும் புடிக்க வேண்டாம், எல்லாத் தப்பும் எங்கிட்ட வரட்டும்"னு சொன்னேன். பசங்க கை தட்டினாங்க. நெசமா தட்டினாங்க.

இந்த வேலைய நெம்பப் பேரு சரியாப் பண்ண மாட்டாங்கண்ணா. நான் பண்ணினேன். அத முதல்ல ஒத்துக்கோணும்.

வர்றது எது எதுன்னு தரம் பிரிக்கணுமாம். பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்குது. பெட்டு இல்லைங்கறது வேற, நெட்டு இல்லைங்கறது வேற, நீங்க தப்பா அமுக்கினது வேற. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு பதிலு. எனக்கும் தெரியுமுங்க. நேரமில்ல. அதனால எல்லாத்துக்கும் சேத்து ஒரே பதிலு வெச்சேன். "நன்றி. உங்கள் கோரிக்கை கிடைத்துவிட்டது. விரைவில் உறுதி செய்யப்படும்." நல்ல தமிழுங்க, நானே எழுதினேன். பதிலோட ஒரு நம்பரும் போகும். எரநூறுன்னு போனா எல்லாம் சௌக்கியம். ஐநூறுன்னு போனா உள்ள என்னமோ ஒடஞ்சிருச்சு. ஐநூறு போனா ஆப்புல செவப்பு வரும். ஆசுபத்திரிக்காரங்களுக்குச் செவப்பே கண்ணுல படக்கூடாது. அதனால எரநூறே போகட்டும்னு வெச்சுட்டேன். எரநூறு போனா ஆப்பு என்ன பண்ணும்? பச்சையா ஒரு டிக்கு காட்டும். அந்த ஆப்பு எழுதினது வேற டீமுங்க. டிக்கு அவங்களுது.

உள்ளுக்குள்ள நடந்ததெல்லாம் பதிவாகிட்டுத்தான் இருந்துச்சு. ஒண்ணையும் நான் மறைக்கல. எந்த நேரம், எந்த எடம், எவன் எறிஞ்சான், எல்லாம் அதுல இருக்குது. அதப் படிக்கறது சப்போர்ட்டு டீமோட வேலை. அவங்க படிக்கலைன்னா நான் என்னங்க பண்றது?

சரி, எழில் சங்கதிக்கு வர்றேன். பெருந்துறைப் பக்கம் அது ஊரு. அப்பா சைக்கிள் கடை வெச்சிருக்கறாரு. பேச்சு கம்மி, வேலை சுத்தம். பெட்டு போடற எடத்துல அது ஒரு புடி புடிச்சு வெச்சிருந்துச்சு. பெட்டு பதிவாகலைன்னா செவப்புல, "இடம் பதிவாகவில்லை, கிளம்ப வேண்டாம், உடனே இந்த எண்ணை அழைக்கவும்"னு சென்டரோட ஃபோன் நம்பரு போகும். நான் அத எடுக்கச் சொன்னேன். எல்லாம் ஒரே எடத்துக்கு வரணும்னு சொல்லிட்டு, ஒண்ணுக்கு மட்டும் தனி வழி குடுத்தா நல்லாவா இருக்கும்? நாளைக்கு இன்னொருத்தன் வந்து எனக்கும் குடுங்கம்பான்.

ஆபீசு கீழ டீக்கடைல நிக்கறப்ப எங்கிட்ட வந்துச்சு. "சார், அத எடுத்துட்டா பெட்டு கெடைக்காதவங்களுக்கும் பச்சை டிக்கு போகும். அவங்க நம்பிக் கெளம்பி வந்துருவாங்க சார்"னுச்சு. நான் சொன்னேன், "வெசனப்படாத அம்மிணி, உறுதி செய்யப்படும்னு போட்டிருக்கறனே, உறுதி ஆகலைன்னா வரமாட்டாங்க"ன்னு. "பச்சையப் பாத்தப்பறம் அத யாரு சார் படிப்பாங்க. எங்கப்பா படிக்க மாட்டாரு"ன்னுச்சு. "நான் வேணும்னா இத மெயில்ல போட்டு வெச்சிரட்டுங்களா சார்"னு கேட்டுச்சு.

வேண்டாம்னேன். போட்டா ரிலீசு நின்னுருமுங்க. ஒரு ஆட்சேபணை எழுத்துல வந்துருச்சுன்னா அத முடிச்சாத்தான் மேல ஏத்தலாம், எங்க கம்பெனில அது சட்டம். அந்த வாரம் ஏத்தியே ஆகணும்னு பத்மநாபன் சார் குதிச்சிட்டிருந்தாரு. "எங்கிட்ட சொல்லிட்டீல்ல, அது போதும், நான் பாத்துக்கறேன்"னேன். அதுவும் தலைய ஆட்டிட்டுப் போயிருச்சு. வாழக்கா பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன், திங்கல. பேப்பரோட கையிலயே வெச்சுட்டுப் போச்சு.

இதுதானுங்க அது. இப்ப அந்தப் புள்ள கேக்கறது இதத்தான். டீக்கடைல அது சொல்லுச்சு, நான்தான் மெயில் வேண்டாம்னேன்னு, இத நான் வாயத் தெறந்து சொல்லணுமாம். வேற எங்கயும் இது இல்ல. எனக்கும் அதுக்கும்தான் தெரியும்.

அப்பறம் என்னாச்சு, ஏத்தற அன்னைக்கு எனக்குப் பல்லு வலி. தாடை வீங்கிப்போயி வூட்டுல படுத்துட்டேன். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து மேல ஏத்தறது அந்த வாரம் எழிலோட மொறை. ஃபோன் பண்ணுச்சு. "சார், அந்தப் புடி இன்னும் அப்படியே இருக்குது. எடுக்கட்டுங்களா, உட்டுரட்டுங்களா"ன்னு கேட்டுச்சு. எடுத்துருன்னேன். எடுத்து, ஏத்திருச்சு. அதனால கடைசியா மாத்தினது யாருன்னு பாத்தா எழிலரசின்னு இருக்குது. நான் சொல்லித்தான் எடுத்துச்சு, இல்லைங்கல. ஆனா வெரலு அதோட வெரலுதானுங்களே. நான் பல்லு வலில படுத்துக் கெடந்தேன்.

இது ஆழியாறுங்களா? தண்ணி கம்மியாத்தான் இருக்குது. கொஞ்சம் அந்தச் சட்டரை எறக்கி உடுங்க, காத்து மொகத்துல அடிக்குது.

அந்த மாசம் எங்க டீமுக்குக் கேடயம் குடுத்தாங்கண்ணா. ஆசுபத்திரிக்காரங்க கேக்கு வாங்கிட்டு வந்தாங்க. ஒரு பெரிய டிவில ஆப்போட நெலமை ஓடிட்டே இருக்கும், அதுல பிழைன்னு ஒரு கட்டம். பூஜ்யம். அந்த மாசம் முழுக்க பூஜ்யம். பத்மநாபன் சாரு என்ற தோள்ல கையப் போட்டு அந்த டிவி முன்னாடி ஃபோட்டோ எடுத்துக்கிட்டாரு. எழில் ஃபோட்டோக்கு வரல. வேலை இருக்குதுன்னுருச்சு.

மருதாசலம்னு பேரு அந்த ஆளுக்கு. சுல்தான்பேட்டைப் பக்கம் தறி ஓட்டறவரு. வாரத்துல மூணு நாளு ரத்தம் சுத்தி பண்ணியாகணும். வழக்கமாப் போற சென்டர்ல தண்ணி மெஷினு ரிப்பேரு, அதனால பொள்ளாச்சி சென்டருக்குப் போட்டுக்கச் சொல்லிட்டாங்க. அவரு மக கோமதின்னு, அந்தப் பொம்பளைதான் ஃபோன்ல போட்டிருக்குது. பெட்டு குடுக்கற மெஷினு அன்னைக்கு சரியாப் பதில் பேசல. எறிஞ்சிருச்சு. எங்கிட்ட வந்து விழுந்துச்சு. எங்கிட்ட இருந்து, "நன்றி, உங்கள் கோரிக்கை கிடைத்துவிட்டது", பச்சை டிக்கு. வண்டி வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கறாங்க. வந்தா, உங்க பேருல பெட்டு இல்லைன்னுட்டாங்க. இங்கேயே இருக்கறோம், யாராச்சும் வரலைன்னா குடுங்கன்னு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கறாங்க. எல்லாரும் வந்துட்டாங்க. ஆப்புல மறுபடி போடுங்கன்னுருக்கறாங்க. போட்டுருக்குது. மறுபடி பச்சை. மறுநாளும் வந்திருக்கறாங்க. மறுநாளும் பேரு இல்ல. திரும்பிப் போறப்ப வண்டியிலயே மூச்சு முட்டி, நெகமம் தாண்டறதுக்குள்ள போயிட்டாரு.

பாவந்தானுங்க. நான் என்ன, கல்லா? கேட்ட அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. ஆனா நீங்களே சொல்லுங்க, மொத நாளு பெட்டு இல்லைன்னதும் வேற ஆசுபத்திரிக்குப் போயிருக்கலாமில்ல? பொள்ளாச்சில பெரியாசுபத்திரி இல்லையா? ஒரு ஆப்ப மட்டும் நம்பிட்டு ரெண்டு நாளு சுத்துவாங்களா? நாம இதெல்லாம் வெளிய சொல்ல முடியாது, சொன்னா நாமதான் கெட்டவன்.

நான் உடனே சரி பண்ணிட்டேன். அன்னைக்கு மத்தியானமே, யாரும் சொல்லாமயே. நெம்பச் சின்ன வேலைங்க, பத்து நிமிசம்கூட ஆகல. பெட்டு எடத்துக்கு மட்டும் தனியா ஒரு புடி. செவப்புல, கெளம்ப வேண்டாம்னு, அந்த ஃபோன் நம்பரோட. ஆமா, எழில் எழுதியிருந்ததேதான். அதையே எடுத்துப் போட்டுட்டேன். புதுசா எழுதறதுக்கு என்ன இருக்குது?

இதோட முடிஞ்சிருக்குமுங்க. நான் சமாளிச்சிருப்பேன். நெட்வொர்க்கு கோளாறுன்னு ஒரு அறிக்கை எழுதி ரெடியாவே வெச்சிருந்தேன். பத்மநாபன் சாரும் சரின்னுட்டாரு. நடுவுல இந்தப் புள்ள வாயக் குடுத்துச்சு பாருங்க.

காரியம் முடிஞ்ச கையோட அந்தக் கோமதி எங்க ஆபீசு கேட்டுக்கே வந்துருச்சு. எப்படி எடம் கண்டுபுடிச்சுதோ. கையில அந்த ஃபோனு. செக்யூரிட்டி உள்ள உடல. அது கத்தல, கித்தல. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் ஃபோன நீட்டி, "இது பச்சைதானுங்களே, இது பச்சைதானுங்களே"ன்னு கேட்டுட்டு நிக்குது. நான் மேல கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். எறங்கலாம்னு கூட நெனச்சேன். எறங்கி என்னன்னு சொல்றது? அதுக்கெல்லாம் ஆளு இருக்காங்க, லீகல்னு ஒரு டிபார்ட்மெண்டே இருக்குது.

எழில் எறங்கிப் போயிருச்சு. யாரையும் கேக்கல. போயி அந்தம்மா கையப் புடிச்சு, "அக்கா, உங்க மேல தப்பில்லைங்க்கா. நீங்க சரியாத்தான் போட்டீங்க. எங்க ப்ரோகிராமுலதான் தப்பு. பெட்டு கெடைக்காதப்பவும் பச்சை காட்டிருச்சு"ன்னுருச்சு. அந்தக் கோமதி அங்கயே உக்காந்து அழுதுச்சு. அது அத்தன நாளும் தான்தான் தப்பா அமுக்கி அப்பனக் கொன்னுட்டோம்னு நெனச்சிட்டிருந்திருக்குது. எழிலும் கூடவே தரையில உக்காந்துக்குச்சு. கேட்டுல நின்ன ஒருத்தன் அத அப்படியே ஃபோன்ல புடிச்சுட்டான்.

புகார்ல இப்ப அந்த வீடியோதான் முக்கியம். கம்பெனி ஆளே ஒத்துக்கிட்டாங்கன்னு. அப்பறம் கம்பெனி சும்மா இருக்குமா? யாரு ஒத்துக்கிட்டது, எழிலரசி. யாரு கடைசியா மாத்தினது, எழிலரசி. அவங்களுக்கு வேலை சுலபமாப் போச்சு. அந்தப் புள்ள மூடிட்டு இருந்திருந்தா இந்த விசாரணையே கெடையாதுங்க. தானா போயி மாட்டிக்கிட்டு, இப்ப என்னைய வந்து சொல்லுங்கன்னா?

நேத்து வூட்டுக்கே வந்துருச்சுங்க. அது அப்பாவும் கூட. அவரு செருப்ப வாசல்லயே கழட்டிட்டு நிக்கறாரு, உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கறாரு. எழில் உள்ள வந்து நின்னுச்சு. அழல. "சார், உங்க மேல பழி போட்டுக்கச் சொல்லல சார். நான் முன்னாடியே சொன்னேன்னு மட்டும் சொல்லுங்க. எம்பேரு ஸ்டேஷனுக்குப் போனா எனக்கு வேற எங்கயும் வேலை கெடைக்காது. எங்கப்பா ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்கற மாதிரி ஆயிரும் சார்"னுச்சு. நான் என்ன சொல்றது? பாத்துக்கலாம்மா, நான் இருக்கறேன்ல, வெசனப்படாதன்னேன். அவங்கப்பா கையெடுத்துக் கும்புட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

அவங்க போனதும் என்ற வூட்டுக்காரி புடிச்சுக்கிட்டா. "நெசமா அந்தப் புள்ள உங்ககிட்ட சொல்லுச்சா இல்லையா?"ன்னா. சொல்லுச்சுன்னேன். "அப்பறம் என்ன ரோசனை? போயி உக்காந்து உள்ளதச் சொல்லிட்டு வாங்க"ன்னா. உள்ளதச் சொன்னா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியுமா? அடுத்த மாசம் எனக்குப் பிரமோசனு, ஆர்க்கிடெக்டு ஆக்கறாங்க. அது வேற இது வேற, அதுக்காக இல்ல. ஆனா சொன்னா அந்தப் பேச்சே நின்னுரும். ஸ்டேஷன்ல எம்பேரு வரும். எனக்கு ரெண்டு கொழந்தைங்க. எழிலுக்கு என்ன, சின்ன வயசு, தாங்கும். நாலு வருசம் போனா யாரு இதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கப்போறா? இதச் சொன்னேன். அவ எந்திரிச்சுப் போயி கொழந்தைங்க ரூமுல படுத்துக்கிட்டா.

பத்மநாபன் சாருக்கு மெயில் போட்டேன். பயணத்துல இருப்பேன், சிக்னல் கெடைச்சா வர்றேன்னு. அவரு, "வர முடியலைன்னாலும் பரவால்ல பூபதி, குடும்ப விசேஷம் முக்கியம்"னு பதில் போட்டாரு. பெரிய மனுசன். கீழ இருக்கறவன் கஷ்டம் தெரிஞ்சவரு.

நான் வரமாட்டேன்னு சொல்லலையே? சிக்னல் கெடைச்சா வர்றேன்னுதான் சொல்லியிருக்கறேன். அதுதாண்ணா உங்ககிட்ட மொதல்லயே கேட்டேன், வளைவுல எடுக்குமா எடுக்காதான்னு. நீங்களும் எடுக்காதுன்னுதான் சொன்னீங்க.

மணி என்னங்க? மூணே முக்காலா. அப்ப முடியற நேரந்தான். பாருங்க, சிக்னலு ஒரு கட்டை கூட இல்ல. நான் என்ன பொய்யா சொன்னேன்?

அட, இந்தப் பஸ்ஸு ஏன் நின்னுருச்சு? வரையாடா? ரோட்டுலயேவா? எங்க, தெரியலையே. ஆமா ஆமா, குட்டியோட நிக்குது. எல்லாரும் ஃபோட்டோ எடுக்கறாங்க பாருங்க. நல்ல சகுனந்தான்.

ஐயோ.

இங்க எப்படிங்க எடுக்குது? எடுக்காதுன்னீங்களே. எழில்தாங்க கூப்பிடுது. இதுதான் எழிலு, பேரு வருது பாருங்க. என்னங்க இது கெரகம், நடு மலையில.

அண்ணா, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்க எடுங்க. எடுத்து, அவரு தூங்கறாருன்னு சொல்லுங்க. இல்ல, தலை சுத்தி வாந்தி எடுக்கறாருன்னு சொல்லுங்க, அது நம்புற மாதிரி இருக்கும். உங்க குரலு அதுக்குத் தெரியாது. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரருன்னு சொல்லுங்க, அது உண்மைதானே? ஏண்ணா கையக் கட்டிக்கிட்டீங்க? ஒரு நிமிசந்தான். இந்தாங்க. புடிங்கண்ணா.

நின்னுருச்சு.

சரி, ரிங்கு நின்னுருச்சு. விடுங்க. பஸ்ஸும் எடுத்துட்டான். இனி அடுத்த வளைவுல சிக்னலு போயிரும்.

என்னமோ மெசேஜு வந்திருக்குது. படிக்கறேன், இருங்க. "சார், உங்களுக்காகக் காத்துட்டு இருந்தாங்க. நீங்க வால்பாறை பஸ்ஸுல இருக்கறீங்க, வரலைன்னு பத்மநாபன் சார் சொன்னாரு. யாரு சொல்லி எடுத்தேன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. நீங்க இல்லாம உங்க பேரைச் சொன்னா கோள் சொன்ன மாதிரி இருக்கும்னு நான் சொல்லலை. கையெழுத்து போட்டுட்டேன். ஸ்டேஷனுக்கு எம்பேரு போகுது. ஏறும்போது தண்ணி கொஞ்சமாக் குடிங்க சார், வளைவுல வாந்தி வரும்."

அவ்வளவுதாங்க. முடிஞ்சுது.

பாத்தீங்களா, எம்பேரைச் சொல்லல. நான் சொன்னேன்ல, நல்ல புள்ளைன்னு. தங்கமான புள்ள. அதுக்கு ஒரு கொறையும் வராது, நான் விட்டுருவனா? நல்ல வக்கீலாப் பாத்துக் குடுக்கலாம், எல்லாம் சத்தமில்லாமப் பண்ணலாம். எனக்கு இப்பத்தாங்க மூச்சே வருது. காத்தால இருந்து ஒண்ணும் திங்கல, வால்பாறைல எறங்கினதும் ரெண்டு பேரும் ஒரு டீ சாப்பிடலாம், நான் வாங்கித் தர்றேன்.

என்னங்ணா, எந்திரிக்கிறீங்க? உங்க எடம் வரலையே. ஃப்ளெக்ஸ எதுக்கு எடுக்கறீங்க? வழி விடறேன், இருங்க, மெதுவா. முன்னாடி எங்கயும் சீட்டு இல்லீங்களே. இன்னும் பாதி வளைவு பாக்கி இருக்குது, நின்னுட்டேவா வரப்போறீங்க?